யாரோடது அண்ணனின் ஹாரன்

ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு ஜீப்பையும் நாற்பத்திரண்டு மென்பொருட்களையும் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே எங்கள் யாரோடது அண்ணன் ஒருவராகத்தான் இருக்கும். சந்தேகப்படுகிறவர்கள், சொந்தக்காரர் யாரென்று தெரியாத ஒரு மூட்டையோடு வட்டவடையிலிருந்து மூணாறுக்கு அவர் ஜீப்பில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். போக முடியாது. ஜீப் கிளம்பாது.

நான் முதலமடைக்காரி. மாங்காய் லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். ஒரு ஜூன் மாதம், அடுத்த மார்ச் முடிய என்று சொல்லி, வட்டவடையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு என்னைத் தினக்கூலி டீச்சராகப் போட்டார்கள். பாலக்காட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி மூணாறு வந்து, குளிரில் பல் கிட்டிப்போய் ஒரு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். ஏற்கெனவே பத்துப் பேர். கால் வைக்கிற இடத்தில் ஒரு விதைப்பூண்டு மூட்டை. டிரைவர் சாவியைத் திருகினார், கண்ணாடியில் பார்த்தார், எஞ்சினை மறுபடி அணைத்தார்.

"இந்த மூட்ட யாரோடது?"

எல்லோரும் குனிந்து மூட்டையைப் பார்த்தார்கள். அவர் இறங்கி வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். என்னையும் கேட்டார். நான் ஊருக்கே புதுசு, என்னைப் பார்த்தால் பூண்டு மூட்டை தூக்குகிறவள் மாதிரியா இருக்கிறது என்று எனக்குக் கோபம். நாற்பது நிமிடம் அப்படியே நின்றோம். கடைசியில் கையில் போண்டாப் பொட்டலத்தோடு ஒரு அம்மாள் ஆடி அசைந்து வந்தார். பின்னாளில் எனக்கு உயிர்த்தோழியாகப் போகிற செல்லக்கனி அக்கா.

"ஏப்பா, என்னோடதுதான். போண்டா வாங்கப் போனேன், அதுக்குள்ள என்னா?"

"ஒங்களோடதுன்னு தெரியும்க்கா. ஏத்துனதே நாந்தான்ல."

"தெரிஞ்சுக்கிட்டாப்பா இம்புட்டு நேரம் எங்கள நிப்பாட்டி வச்ச?"

"நீங்க சொல்லணும்ல."

இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக வண்டியை எடுத்தார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதரிடம் நான் ஒருநாள் சண்டை போடுவேன் என்று. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கும் அது நினைவில்லை. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வனத்துறைச் செக்போஸ்ட் வரை எல்லோருக்கும் அவர் யாரோடது அண்ணன்தான்.

அவர் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றிய ஒரு லேப்டாப் எப்போதும் இருக்கும். ஆள் சேரும்வரை மற்ற டிரைவர்கள் டீ குடிப்பார்கள், கேரம் ஆடுவார்கள். இவர் பானெட் மேல் லேப்டாப்பை வைத்து நின்றபடியே ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். படம் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நான் கம்ப்யூட்டர் படித்தவள், ஓரளவு புரிந்தது. புரிந்ததும்தான் தலை சுற்றியது.

யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிடுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அதை எடுத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் யார் செய்தார், என்ன அனுமதியோடு கொடுத்தார், அது ஓடுவதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் எழுதி, ஒரு கட்டாகக் கட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் உலகத்தில் யாரும் ஒரு வரி தட்டி அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கட்டுக்குத்தான் பேக்கேஜ் என்று பெயர். கட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. யாரோடது அண்ணன் அப்படி நாற்பத்திரண்டு கட்டி வைத்திருந்தார். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் அவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் தாமதமானால், முக்கியமான வேலையில் இருப்பார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் கோவிலூரில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்.

"இதெல்லாம் எங்கிங்ண்ணா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எர்ணாகுளத்துல ஒரு கம்பெனில ஒரு வருசம் இருந்தேன் டீச்சர். அந்த ஆபீஸ்ல சன்னலே தொறக்காது. வந்துட்டேன்."

அவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு. அதற்கு மேல் கேட்டால் கியரை மாற்றுவார்.

இந்த வேலையில் இன்னொரு வழக்கம் உண்டு. கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்றால் நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, இவர் இவர்தான் என்று சான்று தர வேண்டும். வட்டவடையில் யாரைப் போய்ப் பார்ப்பது? ஐந்து வருடம் காத்திருந்தாராம். அப்புறம் ஒரு வெளிநாட்டுக்காரர், இதே கூட்டத்தைச் சேர்ந்தவர், புது மனைவியோடு மூணாறுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு மாட்டுப்பெட்டி ரோட்டில் குறுக்கே ஜீப்பைப் போட்டுக் காரை நிறுத்திவிட்டார். அணைக்கரையில் யானைக் கூட்டம் நிற்கிறது, அந்தப் பெண் யானையைப் படமெடுக்கிறாள், புருஷன் மட்டும் நடுரோட்டில் நின்று பாஸ்போர்ட்டை எடுத்து ஒரு ஜீப் டிரைவரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறான். இவர் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறி ஒன்பது தடவை பார்த்தாராம். "தாடி இருந்துச்சு டீச்சர், அதான்" என்றார் என்னிடம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் பத்துக் கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாம் லினக்ஸ். ஆனால் தமிழில் தட்டச்சு கற்றுக்கொடுக்க ஒன்றும் உருப்படியாக இல்லை. ஓணம் லீவில் உட்கார்ந்து நானே ஒன்றை எழுதினேன். திரையில் ஒரு எழுத்து வரும், பிள்ளைகள் அதே எழுத்தை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் ஒரு காய்கறி கூடையில் விழும். தப்பாக அழுத்தினால் ஒரு சத்தம். முதலில் நான் வைத்திருந்தது கம்ப்யூட்டரோடு வருகிற ஒரு முரட்டுச் சத்தம். அதைக் கேட்டாலே பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும், அடி விழுமோ என்பது போல. அதை எடுத்துவிட்டு நான் வட்டவடையில் பதிவு செய்த ஒரு ஜீப் ஹாரனை வைத்தேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. தப்பு வந்தால் சிரிப்பு, சிரித்துவிட்டு மறுபடி முயற்சி. இரண்டே மாதத்தில் என் பிள்ளைகள் கீபோர்டைப் பார்க்காமல் தட்டினார்கள்.

எல்லாம் என் சொந்த லேப்டாப்பில். அதுதான் பிரச்சினை. களஞ்சியத்தில் இல்லாத எதையும் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது என்று ஹெட்மாஸ்டருக்குக் கண்டிப்பு. மார்ச் முடிந்தால் நான் முதலமடைக்குப் போய்விடுவேன், லேப்டாப்பும் என்னோடு போய்விடும். என் மென்பொருள் இங்கே தங்க வேண்டும் என்றால் அது களஞ்சியத்துக்குள் போக வேண்டும். புதுப் பதிப்புக்காக மார்ச் நடுவில் அதன் கதவைச் சாத்துவார்கள். ஃப்ரீஸ் என்று அதற்குப் பெயர். அதைத் தவறவிட்டால் அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம். அதற்குள் என் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருக்கும்.

யாரோடது அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நான் கட்டித் தாரேன் டீச்சர். அனுப்பி விடுங்க, பாப்போம்."

பார்த்தார். நாற்பத்தொரு குறை கண்டுபிடித்தார். அந்தக் குறைகளை அவர் சொன்ன விதம்தான் கொடுமை. லீவு நாட்களில் காலையில் மூணாறுக்குக் கடைக்குப் போகும்போது நான் அவர் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ராத்திரியே மெயில் எழுதி வைத்திருப்பார். பாம்பாடும்சோலைக் காட்டுக்குள் ரேஞ்சு இருக்காது. காடு முடிந்து டாப் ஸ்டேஷன் மேடு வந்ததும் அவர் லேப்டாப்பிலிருந்து மெயில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு, முழங்கை தூரத்தில் இருக்கும் என் போனில் வந்து 'டிங்' என்று விழும்.

"ஏனுங்ண்ணா, பக்கத்துலதான குக்கீருக்கறேன், வாயில சொன்னா ஆகாதுங்ளா?"

"வாயில சொன்னா ரெக்கார்டு இருக்காது டீச்சர். நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

"யாருங் கேக்கப் போறாங்க?"

"நானே மறந்துட்டு மறுபடி கேட்டேன்னா?"

ஏழாவது குறை, மாங்காய்ப் படம் யாரோடது என்பது. என் தங்கச்சி வரைந்தது என்றேன். தங்கச்சி எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்றார். அவள் முதலமடையில் மாங்காய் சீசன் மும்முரத்தில் இருந்தாள். நான் நாலு தடவை போனில் நச்சரித்த பிறகு 'எடுத்துத் தொலைங்க' என்று ஒரு மெயில் அனுப்பினாள். யாரோடது அண்ணன் இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"'எடுத்துத் தொலைங்க'ங்கறது லைசென்ஸ் ஆகுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு டீச்சர். எடுக்கலாம்னு இருக்கு. மாத்தலாமா, அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமான்னு அதுல இல்ல பாருங்க."

தங்கச்சி அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனாலும் கடைசியில் முறையாக எழுதிக் கொடுத்தாள். அப்படியே ஒவ்வொன்றாக நாற்பதையும் தீர்த்தோம். ஜனவரி நடுவில் நாற்பத்தொன்றாவது குறை மட்டும் மிச்சம் இருந்தது. அன்று டாப் ஸ்டேஷனில் என் போனில் விழுந்த மெயில் இதுதான்: 'தப்புக்கு வரும் ஹாரன் சத்தம் யாரோடது?'

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வெளையாடறீங்ளா? உங்க ஜீப்போடதுங்."

"என் ஹாரன் இப்பிடி இருக்காது டீச்சர்."

பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஹாரனை அடிக்கிறவர், ஊரே அதைக் கேட்டுத்தான் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருகிறது, அவருக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எஞ்சின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து அடிக்கிறவர் அதை வெளியே நின்று ஒருநாளும் கேட்டதில்லையே! வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். செல்லக்கனி அக்காவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். அண்ணனை இருபது அடி தள்ளி நிற்க வைத்தேன். அக்கா வாழ்நாள் ஆசை நிறைவேறியவர் போல ஹாரனை அழுத்தினார். அழுத்தினார், அழுத்தினார், விடவே இல்லை.

அண்ணன் முகம் மெதுவாக மாறியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலில் ஒரு சின்னப் பெருமை வந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது.

"இந்த மெட்டு யாரோடது?"

ஜீப்பிலிருந்த பத்துப் பேரும் ஒரே குரலில் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினார்கள். ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவி. எந்தப் பாட்டு என்று இங்கே சொன்னால் அனுமதி வாங்கினீர்களா என்று இந்தப் பத்திரிகைக்கு அவர் கடிதம் எழுதுவார், அதனால் விட்டுவிடுகிறேன். ஜீப்பை முன்பு வைத்திருந்தவர் தேனிப் பக்கம் ஏதோ கடையில் மாட்டிய ஹாரன். இவர் ஜீப்பை வாங்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

"அப்ப இது உள்ள போவாது டீச்சர்."

நான் கெஞ்சினேன். மூணு நொடி சத்தம், ஒரு ஜீப் ஹாரன், உலகத்தில் யாருங்ண்ணா இதைப் போய்க் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

"நான் கேக்குறேன்ல" என்றார்.

வேறு சத்தம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே யோசனை சொன்னார். எனக்கு அது ஆகாது. மணி, விசில், தவளை எல்லாம் வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தது ஹாரனுக்குத்தான். தப்புச் செய்தால் கை நடுங்காமல் இருப்பதற்குத்தான் அந்த மென்பொருளையே நான் எழுதினேன், அதை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சரி, அனுமதி கேட்போம் என்றார். பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு மூன்று மெயில், அது போதாதென்று ஒரு பதிவுத் தபால். ஒரு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. பாட்டைப் பயன்படுத்தப் போகும் படத்தின் பெயரும் இயக்குநரின் பெயரும் தெரிவிக்கவும் என்று.

"என்னங்ண்ணா எழுதப் போறீங்க?"

"படம் இல்ல, ஜீப்புன்னு எழுதிட்டேன்."

அதற்குப் பிறகு அவர்கள் பதிலே போடவில்லை. போடுவார்களா? பிப்ரவரி முடிய பத்து நாள் இருந்தது. புதிதாக வருகிற பேக்கேஜைப் பிரித்துச் சரிபார்க்க ஒரு சின்னக் குழு உண்டு, அவர்கள் கையில் பெரிய வரிசை, இரண்டு வாரமாவது ஆகும். பிப்ரவரிக்குள் அனுப்பாவிட்டால் என் மென்பொருளுக்குக் கதவு சாத்தியது சாத்தியதுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஊரு மூட்டைக்கெல்லாம் ஓனரு தேடறீங்களே, எம்புள்ளைங்க யாரோடதுன்னு கேட்டீங்ளா ஒருநாளாச்சும்?" என்று ஜீப்பிலேயே எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு நடுவழியில் இறங்கிவிட்டேன். இறங்கின அவசரத்தில் என் குடையைச் சீட்டிலேயே விட்டுவிட்டேன். அதைக்கூட அவர் யாரோடது என்று கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டு போனார். அதுதான் எனக்கு உறுத்தியது.

நாலு நாள் அவர் ஜீப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை ரோட்டில் ஒரே கூச்சல். முட்டைக்கோஸ் மூட்டைகளோடும் கேரட் கட்டுகளோடும் ஊர் நிற்கிறது, யாரோடது அண்ணனின் ஜீப் ஏற்கெனவே போய்விட்டது. ஹாரன் அடிக்கவில்லையாம். சத்தம் வரவில்லையே என்று எல்லோரும் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சரியான நேரத்துக்கு வந்த ஜீப், இரண்டே பேரை ஏற்றிக்கொண்டு சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

செல்லக்கனி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "டீச்சரு, ஒங்களாலதான். அந்த மனுசன் ஹாரனக் கழட்டிட்டான். 'இத்தன வருசமா யாரோடதையோ அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்க்கா'ன்னு எங்கிட்ட வந்து வருத்தப்படுறான். களவாண்டவன் மாதிரி தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு."

ஊர் சும்மா இருக்குமா? பழைய ஹாரனை மறுபடி மாட்ட வேண்டும் என்று முப்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, மனுவிலிருந்த ஒவ்வொரு புகாருக்கும் கீழே தனித்தனியாகப் பதில் எழுதினார். 'ஜீப் வருவது தெரியவில்லை: உண்மை. நேர அட்டவணை கடையில் ஒட்டப்பட்டுள்ளது.' 'வண்டி செத்த மாதிரி இருக்கிறது: கருத்து, குறை அல்ல.' கடைசியில் 'பரிசீலிக்கப்பட்டது, மாற்றம் இல்லை' என்று எழுதி, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஹாரனை யாருக்காவது விற்கவாவது செய்யலாமே என்றார்கள். வாங்குகிறவன் அடிப்பானே என்று அதையும் மறுத்துவிட்டார்.

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஒரு சாதா ஹாரன் அன்று மாலையே ஜீப்பில் ஏறியது. மெட்டும் கிடையாது, மண்ணும் கிடையாது. அழுத்தினால் 'பாம்' என்று ஒரே கத்தல். அதை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் டாப் ஸ்டேஷனில் நின்று சாதகம் செய்தார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, நிறுத்தி, மறுபடி நீளம் என்று தானே ஒன்றைக் கட்டினார். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "இது ஏதாச்சும் பாட்டு மாதிரி இருக்கா?" என்று கேட்டார். ஒரு பெரியவர் பக்திப்பாட்டு மாதிரி இருக்கிறது என்றார், மாற்றினார். மறையூரிலிருந்து வந்த ஒருவர் தேர்தல் பிரசாரப் பாட்டு என்றார், அதையும் மாற்றினார். ஏழாவது தடவை அடித்ததற்கு ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ரோட்டில் படுத்திருந்த மாடு மட்டும் எழுந்து போனது. அவர் திருப்தியாகத் தலையாட்டினாராம்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஜீப் வந்து நின்றது. கையில் என் குடை.

"இது யாரோடது?"

"என்னோடதுதாங்ண்ணா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"புது ஹாரன ரெக்கார்டு பண்ணிக்கிருங்க டீச்சர். இது என்னோடது. நானே போட்டது. எழுதித் தாரேன்."

நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். சத்தமில்லாத இடம் வேண்டும் என்று பாம்பாடும்சோலைச் செக்போஸ்ட் பக்கம் போனோம். அங்கே காவலர் ரிஜிஸ்டரை நீட்டி, வந்த காரணம் என்ன என்றார். 'ஹாரன் அடிக்க' என்று எழுதினார் அண்ணன். காட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று காவலர் எங்களை வெளியே துரத்தினார். வாசலுக்கு வெளியே நூறடி தள்ளி நின்று அடித்தோம். பதிவைக் கேட்டுப் பார்த்தால் 'பாஆம், பாம் பாம்' முடிந்த பிறகு ஒரு குருவி கூவியிருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்ன கேட்கப் போகிறார் என்று.

"காட்டோடதுங்ண்ணா" என்று முந்திக்கொண்டேன்.

அரைமணி நேரம் யோசித்தார். குருவிக்குக் காப்பிரைட் கிடையாது என்று ஏதோ ஒரு விதியை ஞாபகப்படுத்திக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி கடைசி நாள், பகல் சர்வீஸ். டாப் ஸ்டேஷனில் ஜீப்பை நிறுத்தி, பானெட் மேல் லேப்டாப்பை வைத்து, அனுப்புகிற வரியைத் தட்டினார். பாதி போனது, மூடுபனி இறங்கியது, ரேஞ்சு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி போனது. மூணாறில் லாரிக்குப் போக வேண்டிய கேரட் ஜீப் கூரையில் காத்திருக்கிறது. உள்ளே பத்துப் பேர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவையும் நின்றதும் நான் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். செல்லக்கனி அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து தன் போனை நீட்டினார்.

"எம்மவன் புதுசா வாங்கிக் குடுத்தது. இதுல ரேஞ்சு கொட்டிக் கெடக்கு. எடுத்துக்க."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"யாரோடதுன்னு மட்டும் கேட்ட, போனத் தூக்கிப் பள்ளத்துல போட்டுருவேன் பாத்துக்க!"

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டார். இரண்டு நிமிடத்தில் பேக்கேஜ் போய்விட்டது. என்ன போனது, எங்கே போனது என்று ஒன்றும் தெரியாமலே ஜீப் முழுக்கக் கை தட்டியது.

கதவு சாத்த இரண்டு நாள் இருக்கும்போது ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. வந்த இடம், வேறெங்கே, டாப் ஸ்டேஷன்தான். என் போனும் அவர் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. அவர் ஹாரனை மட்டும் அடித்தார், ரோட்டில் யாருமே இல்லாதபோது.

அன்று ராத்திரி களஞ்சியத்தில் போய்ப் பேக்கேஜைத் திறந்து பார்த்தேன். எதை யார் செய்தார் என்று எழுதியிருக்கும் கோப்பில் என் பெயர் இருந்தது, தங்கச்சி பெயர் இருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நேரே ஒரு பெயர், இனிஷியலோடு, வட்டவடை என்று. அவ்வளவு நாளும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பெயர். கீழே, இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேண்டுகிறவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறார்.

மார்ச் கடைசி நாள் இரண்டு பெட்டியோடு அவர் ஜீப்பில் ஏறினேன். வகுப்புப் பிள்ளைகள் ரோடு வரை வந்து கையாட்டின. அண்ணன் சாவியைத் திருகினார், கண்ணாடியில் பார்த்தார், அணைத்தார்.

"இந்தப் பொட்டி ரெண்டும் யாரோடது?"

"உங்களுக்குத் தெரியாதுங்ளா அண்ணா?"

"தெரியும் டீச்சர். நீங்க சொல்லணும்ல."

சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது முதலமடையில் இருக்கிறேன். வாசலில் மாங்காய் லாரிகள் விதவிதமான சினிமா மெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, ஒன்றுகூட அனுமதி வாங்கியிருக்காது. அப்படி ஒன்று போகும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினால் என் மென்பொருள் வந்து இறங்குகிறது. திரையில் 'அ' வருகிறது. எனக்கு 'அ' எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே தப்பான எழுத்தை அழுத்துகிறேன்.